இன்றைக்கு மட்டும் கோபம் வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஜப்பான் அந்நிய தேசம் இல்லை. ஆலைக்குள் போனதும் சுவரில் பணியிட ஒழுங்கைச் சொல்லும் 5எஸ் பலகை தொங்கும். கைசன், கெம்பா, போக்கா-யோக்கே எல்லாம் லைனில் நிற்கும் பிள்ளைகள் வாயில் தினமும் புழங்கும் ஜப்பானியச் சொற்கள். ரெனோவும் நிஸானும் சேர்ந்து 2010-ல் ஒரகடத்தில் கார் ஆலையைத் திறந்தன. அதே ஒரகடத்தில் கொமாட்சு இருக்கிறது. வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது. ஜப்பான்காரர் செய்தால் சுத்தமாகச் செய்வார் என்ற நம்பிக்கை இந்த வட்டாரத்தில் ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கையில் ஒரு பங்கு, கை வைத்து ஆற்றும் ஜப்பானிய முறையான ரெய்கிக்கும் போய்ச் சேர்கிறது.

அதனால், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி, பி ஷிஃப்ட் பஸ் வரும் முன் டீக்கடையில் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாக இல்லை. “அக்கா, ரெய்கி கத்துக்கிட்டா மணிக்கட்டு வலி போயிடுமாம். ஜப்பான்ல ஆயிரக்கணக்கான வருஷமா செய்யறாங்களாம். எங்க ரூம்ல ஒரு பொண்ணு கிளாஸ்ல சேரப்போறா. நானும் சேரட்டுமா?”

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ரெய்கி எவ்வளவு பழையது? அது நம்மை என்ன செய்யச் சொல்கிறது? வலி போகுமா? ஆளுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நூறு வயதுக் கலை

ரெய்கிக்கு வயது நூறும் சொச்சமும்தான். 1922 ஏப்ரலில் டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் மிகாவோ உசுயி என்பவர் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். நம் கணக்கில் சொன்னால், பாரதியார் இறந்து ஏழு மாதம் கழித்து. ஆயிரம் ஆண்டுச் சரக்கு என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் விற்பவர் சேர்த்துக்கொண்டது.

உசுயி 1865 ஆகஸ்ட் 15 அன்று கிஃபு மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவரைப் பற்றி நாம் நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய முதல் ஆவணம் ஒரு கல்வெட்டு. அவர் இறந்த மறு ஆண்டு, 1927-ல், டோக்கியோவின் சுகினாமி பகுதியில் சைஹோஜி என்ற பௌத்தக் கோயிலின் மயானத்தில் மாணவர்கள் அதை நிறுத்தினார்கள். வாசகத்தை எழுதியவர் ஒகாடா மசாயுகி என்ற அறிஞர். ஆசானைப் பற்றி மாணவர்கள் வைக்கும் கல் என்பதால் புகழ்ச்சி தூக்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் பல துறை நூல்களைப் படித்தவர் என்றும், திறமை இருந்தும் வாழ்க்கையில் கை கூடாமல் வறுமைப்பட்டவர் என்றும் அந்தக் கல்லே சொல்லிவிடுகிறது.

அப்படி நொந்திருந்த காலத்தில் அவர் கியோட்டோவுக்கு வடக்கே உள்ள குராமா மலைக்குப் போய் 21 நாள் உண்ணா நோன்பு இருந்தார். அங்கே 770-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பழைய கோயில் இருக்கிறது. அதன் முக்கிய தெய்வங்களில் ஒருவர் பிஷாமொன்தென். நமக்கும் தெரிந்தவர்தான்: வைஸ்ரவணன், அதாவது குபேரன். வடதிசைக் காவலனாகப் பௌத்தத்தோடு சீனா வழியாக நடந்து ஜப்பானில் மலையேறிவிட்டார். மலையில் தனித்திருந்து பட்டினி கிடப்பதும், கொட்டும் அருவியில் நின்று மந்திரம் சொல்வதும் ஜப்பானில் நெடுங்கால வழக்கம். ரெய்கியில் உண்மையாகவே பழையது எது என்றால் இந்த வழக்கம்தான்.

நோன்பின் போது தலைக்கு மேல் ஏதோ பெரும் சக்தி இறங்கியதாக உசுயி உணர்ந்தார், பிறகு தன் மீதும் வீட்டார் மீதும் கை வைத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. இதுவும் கல்வெட்டில் உள்ள செய்திதான். அதற்கு அடுத்து வரும் தகவல் நமக்கு முக்கியம். இதைக் குடும்பச் சொத்தாகப் பூட்டி வைப்பதைவிட எல்லோருக்கும் கொடுப்பதே நல்லது என்று அவர் முடிவு செய்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இது சட்டென்று ஒருவரை ஞாபகப்படுத்தும்.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உசுயி தினமும் நகருக்குள் போய்க் காயம்பட்டவர்களுக்குக் கை வைத்தார் என்கிறது கல். அவருடைய பெயர் ஊரெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். 1926 மார்ச் 9 அன்று, வெளியூர்ப் பயணத்தில் ஃபுகுயாமாவில் பக்கவாதத்தால் இறந்தார். நாலே ஆண்டுகளில் அவரிடம் பயின்றவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல்.

உசுயி சொல்லிக்கொடுத்தது

ரெய்கி என்றதும் நம் கண்முன் வருவது, படுத்திருக்கும் ஒருவர் மேல் இன்னொருவர் கை வைத்திருக்கும் படம். உசுயியிடம் போன மாணவருக்கு முதலில் கிடைத்தது அது இல்லை. காலையும் மாலையும் உட்கார்ந்து, கை கூப்பி, ஐந்து உறுதிமொழிகளைச் சொல்ல வேண்டும். கோபப்படுவதில்லை, கவலைப்படுவதில்லை, நன்றி மறப்பதில்லை, செய்யும் வேலையில் சுணங்குவதில்லை, பிறரிடம் கனிவு குறைவதில்லை. இவை ஐந்துக்கும் முன்னால் ஒரு நிபந்தனை: இன்றைக்கு மட்டும்.

இந்த ஐந்துக்கும் மேலே உசுயி போட்ட தலைப்பு, இவை நலத்தை வரவழைக்கும் வழி, எல்லாப் பிணிக்கும் மருந்து என்ற பொருளில் இருக்கிறது. எல்லாப் பிணிக்கும் மருந்து என்று அவர் சொன்னது இந்த மன ஒழுக்கத்தைத்தான். கை வைப்பது அடுத்த படி. மனம் தெளிந்தவருடைய கை பிறருக்கும் உதவும் என்பது அவருடைய நம்பிக்கை. கூட்டங்களில் மெய்ஜி பேரரசர் எழுதிய சிறு கவிதைகளை ஓதும் வழக்கமும் இருந்தது. அவர்கள் கையேட்டில் 125 கவிதைகள் சேர்க்கப்பட்டிருந்தன. பக்தி, ஒழுக்கம், நாட்டுப்பற்று மூன்றும் கலந்த அந்தக் காலத்து ஜப்பானின் வாசனை அதில் தெரியும்.

‘இன்றைக்கு மட்டும்’ என்ற நிபந்தனையில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. இனி வாழ்நாள் முழுக்கக் கோபப்பட மாட்டேன் என்று சபதம் எடுத்தால், லைனில் டார்கெட் தவறி சூப்பர்வைசர் கத்தும் முதல் நாளே அது உடைந்துவிடும். உடைந்ததும் விட்டுவிடுவோம். ஒரு நாளுக்கு மட்டும் எடுத்த உறுதி உடைந்தால் மறுநாள் காலை புதிதாக எடுக்கலாம். மனித மனம் எவ்வளவு தாங்கும் என்று அறிந்தவர் போட்ட கணக்கு இது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்றால் இல்லை. ஒரகடத்துக்குக் கிழக்கே கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தம்முடைய அகத்தாய்வுப் பயிற்சியில் சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று தனித்தனிப் பாடமே வைத்தார். தறியில் நெய்த கையும் சித்தர் மரபும் அவருக்கு வழி. உசுயிக்குப் பௌத்த மலை நோன்பு வழி. இருவரும் முதலில் கை வைத்தது கோபத்திலும் கவலையிலும்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோபப்படாதே, வேலையில் ஊக்கமாயிரு என்பது முதலாளிகளுக்கும் மிகவும் பிடித்த உபதேசம். 2021 டிசம்பரில் இதே ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் ஏராளமான பெண் தொழிலாளர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த ஆலை சில வாரம் மூடப்பட்டது. ஹாஸ்டல்களும் சாப்பாடும் பேசுபொருளாயின. அந்தக் கோபம் நியாயமானது, அவசியமானதும்கூட. தூங்க விடாமல் உள்ளே குடையும் கோபத்தை விடச் சொல்லும் பயிற்சியாக ரெய்கியை எடுத்துக்கொள்ளலாம். உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் வாயை மூடச் சொல்லும் பாடமாக யாராவது சொல்லிக்கொடுத்தால், அது உசுயியின் பாடம் இல்லை.

சென்னையிலிருந்து சுற்றிப்போன பிராணன்

உசுயி வாழ்ந்த ஜப்பானில் அவர் ஒருவர்தான் கை வைத்தார் என்று நினைக்க வேண்டாம். அந்த மெய்ஜி பேரரசரின் காலத்தில் மேலை மருத்துவம் அரசு மருத்துவமாகியிருந்தது. ஆனால் அது எல்லோருக்கும் எட்டவில்லை, எல்லா நோயையும் தீர்க்கவுமில்லை. ஹிப்னாடிசம் பெரிய மோகமாகி, 1908-ல் அதற்குக் காவல் துறைக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு மனோ வைத்தியம், ஆவி வைத்தியம் என்று வெவ்வேறு பெயரில் நூற்றுக்கணக்கான ஆசான்கள் கிளம்பினார்கள். உசுயியின் ஐந்து உறுதிமொழிகளின் சாயலும் சுசுகி பிசான் என்பவர் 1914-ல் வெளியிட்ட நூலில் முன்பே காணப்படுகிறது. அந்தக் காலத்துக் காற்றில் இருந்ததை உசுயி தம் நோன்பின் சூட்டில் வடித்தெடுத்தார்.

அந்தக் காற்றில் நம்முடைய மூச்சும் இருந்தது. 1893-ல் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டி விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் அவர் ஜப்பானையும் பார்த்தார். யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 1896-ல் அவருடைய ராஜயோகம் நூலாக வந்தது. அதில் பிராணனைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. அமெரிக்காவில் யோகம் விலைபோகும் என்று தெரிந்ததும் சிகாகோவில் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற வழக்கறிஞர் ‘யோகி ராமசரகர்’ என்று இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு, மூச்சு, பிராணன், கையால் குணமாக்குதல் என்று வரிசையாகப் புத்தகம் போட்டார். அவை ஜப்பானுக்குப் போயின. உசுயி பயிற்சிக்கூடம் திறப்பதற்கு முன்பே அங்கே சில வைத்தியர்கள் ‘புராணா’ என்று உச்சரித்துப் பிராண சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள்.

உசுயி அந்தப் புத்தகங்களைப் படித்தார் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் உடலில் ஓடும் உயிர்ச்சக்தியைக் கை வழியாகப் பிறருக்குத் தரலாம் என்ற எண்ணம் அந்த நாளில் டோக்கியோவில் ஓடியதற்கு, சீனத்தின் பழைய ‘சி’ என்ற உயிர்ச்சக்திக் கருத்து ஒரு காரணம் என்றால், சிகாகோ வழியாகப் போன நம் பிராணன் இன்னொரு காரணம். தூய ஜப்பானியக் கலை என்று யாராவது சொன்னால் பாதி உண்மைதான்.

கரும்புத் தோட்டத்துப் பெண்

உசுயியின் கடைசிக்கால மாணவர்களில் ஒருவர் சுஜிரோ ஹயாஷி. கடற்படை அதிகாரி. அவர் டோக்கியோவில் சிகிச்சைக்கூடம் வைத்தார்; எந்த நோய்க்கு எங்கே கை வைப்பது என்று பட்டியல் போட்டார். மன ஒழுக்கமாகத் தொடங்கியது மெல்ல மெல்லச் சிகிச்சை முறையாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

1935-ல் அந்தக் கூடத்துக்கு ஹவாயோ தகாதா என்ற பெண் வந்தார். 1900-ல் ஹவாய்த் தீவுகளில், கரும்புத் தோட்டத்தில் கூலி வேலைக்குக் கப்பலேறிய ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் தீவுகளின் பெயரையே மகளுக்கு வைத்திருந்தார்கள். இளம் வயதில் கணவரை இழந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு உழைத்து உழைத்து உடம்பு கெட்டு டோக்கியோ வந்தார். அறுவை மேடையில் படுத்திருந்தபோது இது தேவையில்லை என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாகவும், எழுந்து ஹயாஷியிடம் போய் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றுக் குணமானதாகவும் பிறகு சொன்னார். ரெய்கி வகுப்புகளில் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இதுதான். மிக ஆபத்தான கதையும் இதுதான். ஒருவருக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டு இன்னொருவர் அறுவை மேடையிலிருந்து இறங்கிவிடக் கூடாது.

தகாதா கற்றுக்கொண்டு ஹவாய் திரும்பினார். 1938-ல் ஹயாஷி அவரை ஆசானாக அறிவித்தார். 1940-ல் ஹயாஷி இறந்தார். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு போட்டது. அதன்பின் அமெரிக்க மண்ணில் ஜப்பானியக் கலை ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். தகாதா சொன்ன கதையில் உசுயி, கியோட்டோவின் தோஷிஷா கிறித்தவப் பல்கலைக்கழகத் தலைவராகவும், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவராகவும் மாறினார். இரண்டுக்கும் அந்தப் பல்கலைக்கழகங்களில் பதிவு இல்லை. பொய் சொன்னார் என்று கடிந்துகொள்வதைவிட, பகை நாட்டில் ஒரு பெண் தன் கலையைப் பிழைக்க வைத்த உபாயம் என்று பார்ப்பது நியாயம். ஆனால் இன்றும் அதையே வரலாறாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

பத்தாயிரம் டாலரும் எட்டெழுத்தும்

ரெய்கியில் மூன்று படிகள். முதல் படியில் தனக்கும் அருகிலிருப்பவர்க்கும் கை வைக்கலாம். இரண்டாம் படியில் சில குறிகளைக் கற்றுத் தூரத்திலிருப்பவர்க்கும் அனுப்பலாம் என்பார்கள். மூன்றாவது, ஆசான் படி. ஒவ்வொரு படிக்கும் ஆசான் தீட்சை தருவார். நம்மிடம் ஸ்பரிச தீட்சை, நயன தீட்சை என்று இருப்பதைப் போலத்தான். குறிகளில் ஒன்று, அமிதாப புத்தருக்குரிய விதை எழுத்தின் சாயலில் இருப்பதாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அந்த விதை எழுத்து எழுதப்படும் சித்தம் என்ற லிபியே இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போனதுதான். வேறு சில, சீன எழுத்துகளை நெருக்கி எழுதியவை.

தகாதாவின் காலத்தில் இந்தக் குறிகள் பரம ரகசியம். மனப்பாடம் செய்ய வேண்டும், எழுதிய தாளை அழித்துவிட வேண்டும். ஆசான் படிக்கு அவர் வாங்கிய கட்டணம் பத்தாயிரம் டாலர். 1980 டிசம்பரில் இறக்கும் முன் 22 பேரை ஆசான்களாக்கினார். விலை கொடுத்தால்தான் அமெரிக்கர்கள் மதிப்பார்கள் என்பது அவர் தரப்பு நியாயம். அவருக்குப் பின் வந்தவர்கள் விலையைக் குறைத்தார்கள். 1995-ல் டயேன் ஸ்டீன் எழுதிய நூலில் குறிகள் அச்சாகிவிட்டன. ரகசியம் அதோடு தீர்ந்தது.

இந்த இடத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு வைணவ ஆசாரியர் ராமானுஜரை நினைக்காமல் இருக்க முடியாது. 1017-ல் இந்த ஊரில் பிறந்தவர். திருக்கோட்டியூர் நம்பி என்ற ஆசானிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்கப் பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. யாருக்கும் சொல்லக் கூடாது என்ற ஆணையோடு பெற்றதை, கோயில் மேலேறி நின்று ஊருக்கே சொன்னார். நான் ஒருவன் நரகம் போனாலும் இவ்வளவு பேர் கரையேறுவார்களே என்றார். குராமா மலையிலிருந்து இறங்கி, இது குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டாம் என்று முடிவு செய்த உசுயியும் அதே பக்கம்தான் நின்றார். பூட்டும் விலைச்சீட்டும் இடையில் வந்தவை.

இந்தியா வந்த வண்டி

இந்தியாவுக்கு ரெய்கி ஜப்பானிலிருந்து வரவில்லை. மேல்நாட்டு ஆசான்கள் வழியாக 1980-களின் கடைசியில் தலைகாட்டி, 1990-களில் பெருநகரங்களில் பரவியது. வந்தபோது கூடவே ஏழு சக்கரங்களையும் கொண்டு வந்தது. உசுயியின் கையேட்டில் சக்கரங்கள் கிடையாது. அமெரிக்காவில் யோகத்திலிருந்து எடுத்து ஒட்டியவை அவை. ஆக, இன்று சென்னையிலோ காஞ்சிபுரத்திலோ ஒரு வகுப்பில் உட்கார்ந்தால், ஜப்பானியப் பெயரில் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் இந்தியச் சக்கரங்களைப் படிப்போம். ஜப்பானுக்கே ரெய்கி மறுபடி பரவலாகத் திரும்பியது 1980-களில், மேற்கிலிருந்துதான். உசுயி தொடங்கிய சங்கம் மட்டும் வெளியாருக்குக் கதவு திறக்காமல் அங்கே சிறிதாகத் தொடர்ந்தது.

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. இதைச் செஞ்சா தப்பா அக்கா?” என்றும் அந்தப் பெண் கேட்டாள். ரெய்கி எந்தக் கடவுளையும் ஏற்கச் சொல்வதில்லை. எந்த மதத்தையும் விடச் சொல்வதில்லை. அதே சமயம் தீட்சை, குறி, கண்ணுக்குத் தெரியாத சக்தி எல்லாம் உள்ள ஒன்றை வெறும் உடற்பயிற்சி என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009-ல் இதை ஆராய்ந்து, இது அறிவியலும் இல்லை, கிறித்தவ ஜெபமும் இல்லை, கத்தோலிக்க நிறுவனங்களில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு பல கிறித்தவர்கள் ஜெபத்தோடு சேர்த்துச் செய்துகொண்டும் இருக்கிறார்கள். தர்காவில் பாடம் ஓதுவதும், கோயில் வாசலில் திருநீறு போட்டு மந்திரிப்பதும் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. அவரவர் மனசாட்சி சொல்லும் பதிலே இதில் பதில்.

வலி போகுமா?

ரெய்கி அமர்வில் நடப்பது இதுதான். உடுத்த உடையோடு படுக்க வைப்பார்கள். தலை, தோள், வயிறு, முழங்கால் என்று ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் மெல்லக் கை வைப்பார்கள், அல்லது தொடாமல் மேலே பிடிப்பார்கள். அமைதியான அறையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கதகதப்பாக இருக்கும். பலர் தூங்கிப்போவார்கள். எழுந்ததும் இலேசாக இருக்கும். இதை யாரும் மறுக்கவில்லை.

கேள்வி, அந்த இலேசுக்குக் காரணம் என்ன என்பது. 2011-ல் அமெரிக்காவில் கீமோதெரபி பெற்றுக்கொண்டிருந்த 189 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டாம் பகுதிக்கு ரெய்கி ஆசான் கை வைத்தார். மூன்றாம் பகுதிக்கு, ரெய்கி கற்காத ஒருவர் அதே மாதிரி பாவனை மட்டும் செய்தார். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட மற்ற இரண்டு பகுதியினருக்கும் ஆறுதல் கூடியது. நிஜ ரெய்கிக்கும் பாவனைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத சக்தி வேலை செய்தது என்பதைவிட, ஒரு மனிதர் நமக்காக நேரம் ஒதுக்கிப் பக்கத்தில் அமைதியாக இருந்தது வேலை செய்தது என்றே இதை வாசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ ஆய்வு நிறுவனமும், எந்த நோய்க்கும் ரெய்கி பயன்படுவதாகத் தெளிவாக நிரூபணமாகவில்லை, அப்படி ஒரு சக்தி இருப்பதற்கும் அறிவியல் சான்று இல்லை என்கிறது.

நம் நாட்டிலும் நிலைமை தெளிவு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் குழு ரெய்கி உள்ளிட்ட பல முறைகளை ஆராய்ந்தது. 2003 நவம்பரில் வந்த ஆணை ரெய்கியை மருத்துவ முறையாக அங்கீகரிக்கவில்லை. ஆயுஷ் பட்டியலிலும் அது இல்லை. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றை மந்திர மாயத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மணிக்கட்டு வலிக்கு வருவோம். ஒரே அசைவை ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான தடவை செய்தால் தசைநாண் வீங்கும். மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நசுங்கும். இரவில் விரல் மரத்துப்போவது அதன் முதல் அடையாளம். கவனிக்காமல் விட்டால் பிடிமானம் குறையும். இதற்கு இ.எஸ்.ஐ. அட்டையோடு போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதோடு, மேசை உயரம், டூல், ஸ்டேஷன் மாற்றி மாற்றி நிற்பது, இடைவேளை இவற்றைப் பற்றி லைன் லீடரிடமோ சங்கத்திடமோ பேச வேண்டும். வேலையைச் சீராக்கும் யோசனைகளுக்கான கைசன் பெட்டியில் எழுதிப் போடலாம். அதுவும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். வலிக்குக் காரணம் வேலை செய்யும் விதத்தில் இருக்கும்போது, கை வைத்து ஆற்றினாலும் மறுநாள் ஷிஃப்டில் மறுபடி வரும்.

ஆகவே, சேரலாமா என்பவர்களுக்கு என் பதில் இது. மனம் அமைதிப்பட ஒரு பயிற்சி வேண்டும் என்றால் ரெய்கி கெட்டதில்லை. நூறாண்டுகளாகப் பலருக்கு உதவியிருக்கிறது. சேரும் முன் ஆசானிடம் மூன்று கேட்டுவிடுங்கள். மூன்று படிக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு? மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா? ஐந்து உறுதிமொழிகளைச் சொல்லித் தருவீர்களா? முதல் கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள். இரண்டாவதற்கு ஆம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவது தெரியாது என்றால், அவரிடம் கற்க எதுவும் இல்லை.

கையில் காசு இல்லையா, வகுப்பே வேண்டாம். காலையில் பஸ் ஏறும் முன் ஐந்து நிமிடம், ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம் கை கூப்பி உட்கார்ந்து, இன்றைக்கு மட்டும் என்று அந்த ஐந்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். உசுயி மருந்து என்று சொன்னது அதைத்தான். அதற்குக் கட்டணம் கிடையாது.